உருகாது... கருகும்!



"இளகும் பிளாஸ்டிக்கிற்கும் இறுகும் பிளாஸ்டிக்கிற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக." இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் நம்மில் யாராவது டிப்ளமோ முடித்ததுண்டா? பேப்பரின் நடுவில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு. இடது பக்கம் தெர்மோபிளாஸ்டிக், வலது பக்கம் தெர்மோசெட்டிங். "மீண்டும் உருக்கலாம்", "மீண்டும் உருக்க முடியாது." கடைசியில் உதாரணம்: பாலிதீன், பேக்கலைட். முடிந்தது. மார்க் வந்தாச்சு, மறந்தாச்சு!

நானும் அப்படி எழுதி மார்க் வாங்கியவன்தான். அந்தக் கோட்டின் வலது பக்கத்தில் நான் எழுதியது எங்கள் வீட்டு அடுக்களையில் உயிர் காக்கிற விஷயம் என்பது எனக்கு உறைத்தது, பரீட்சை முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு மார்கழி மாத விடியற்காலையில்.

எங்கள் வீட்டில் குளிக்க வெந்நீர் வைப்பது வாட்டர் ஹீட்டர் ராடில். அதன் பிளக் பழைய காலத்துக் காப்பிக்கொட்டை நிறப் பேக்கலைட் பிளக். மூலையில் சின்ன விரிசல். "என்னம்மா இது, தாத்தா காலத்துச் சாமான்!" என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பிளாட்பாரக் கடையில் பளபளவென்று இருந்த ஒரு வெள்ளை பிளக்கையும், அதே கடையில் ஒரு சாக்கெட்டையும் வாங்கி மாட்டினேன். இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான் என்று அம்மாவுக்குப் பெருமை வேறு!

மூன்றாவது வாரம், காலை ஐந்து மணி. வெந்நீர் கொதித்துவிட்டது என்று அம்மா பிளக்கை இழுத்திருக்கிறார். பிளக் வரவில்லை. வெண்ணெய் மாதிரி இளகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்ததும் மூடி மட்டும் கையோடு வந்துவிட்டது. பின்கள் சாக்கெட்டிலேயே நிற்கின்றன, ஒயரோடு, திறந்தபடி, கரண்டோடு! ஸ்விட்ச்சும் இளகி இறுகிப்போனதால் அணையவில்லை. அம்மா போட்ட சத்தத்தில் அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். அம்மாவின் இரண்டு விரல்கள் கொப்பளித்ததோடு போயிற்று. போயிற்று என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ராடு 1500 வாட். 230 வோல்ட்டில் வகுத்தால் ஆறரை ஆம்பியர். நான் வாங்கி மாட்டியது 6 ஆம்ப் சாமான். முதல் தப்பு அது. ஸ்க்ரூவை முறுக்கியதில் கொஞ்சம் லூஸ். இரண்டாம் தப்பு அது. லூஸ் கான்டாக்டில் சூடு பிறக்கும் என்பது முதல் வருஷப் பாடம். இரண்டும் என் தப்புதான்; ஒத்துக்கொள்கிறேன். ஆனால், மூன்றாவது ஒன்று உண்டு. அந்தச் சூட்டைத் தாங்கி, பின்களை அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டிய பொருள் பிடித்து வைத்திருக்கவில்லை. பேக்கலைட்டாக இருந்தாலும் சூடேறித்தான் இருக்கும். ஆனால் இளகியிருக்காது. கருகி நாற்றம் அடித்திருக்கும். "ஏதோ கருகுது, பாரு" என்று யாராவது சொல்வதற்கு நேரம் கொடுத்திருக்கும். அந்த நேரம்தான் உயிர்!

அதனால்தான் இந்தக் கட்டுரை.

இட்லியும் மெழுகும்

இறுகும் பிளாஸ்டிக் ஏன் உருகுவதில்லை? புத்தகத்தில் "குறுக்குப் பிணைப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நம் வீட்டு பாஷையில் சொல்லிப் பார்ப்போமே.

மெழுகுவர்த்தியைச் சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி உருகும். பாலிதீன், பி.வி.சி., பாலிபுரொப்பிலீன், நைலான் எல்லாம் இந்த ஜாதி. அவற்றில் மூலக்கூறுகள் நீளமான நூல்கள்போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. நூலுக்கும் நூலுக்கும் இடையே முடிச்சு கிடையாது. சூடு பட்டால் வழுக்கி நகரும்.

இட்லி மாவு அப்படியல்ல. ஊற்றும்போது தட்டின் குழி எந்த வடிவமோ அந்த வடிவம். ஆவியில் வெந்த பிறகு? எவ்வளவு சூடாக்கினாலும் அந்த இட்லி திரும்ப மாவாகாது. இன்னும் சூடாக்கினால் காயும், கருகும், இளகாது. இறுகும் பிளாஸ்டிக்கும் இதே கதைதான். அச்சுக்குள் சூடும் அழுத்தமும் கொடுக்கும்போது நூலுக்கும் நூலுக்கும் இடையே வேதியியல் முடிச்சுகள் விழுகின்றன. முடிச்சு என்றால் சாதாரண முடிச்சு அல்ல, சகப்பிணைப்பு. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று முப்பரிமாணத்திலும் வலை பின்னிக்கொள்கிறது. ஒரு குக்கர் கைப்பிடி முழுவதும் ஏறக்குறைய ஒரே ஒரு ராட்சத மூலக்கூறு என்றே சொல்லலாம். அதில் எந்த நூல் தனியாக நகரும்?

இந்த ஒரு காரணத்திலிருந்தே மற்ற குணங்கள் எல்லாம் வருகின்றன. மனப்பாடம் செய்யவே வேண்டாம். நூல் நகராது, அதனால் உருகாது. நகராது, அதனால் கரைப்பானில் கரையாது. பெட்ரோலில் போட்டாலும் அப்படியே இருக்கும். நகராது, அதனால் பாரத்தில் நாள்பட நின்றாலும் கோணாது, அளவு மாறாது. நகராது, அதனால் வளைந்து கொடுக்கவும் தெரியாது. கீழே போட்டால் சட்டென்று உடையும். நல்லதும் கெட்டதும் ஒரே வேரில் முளைத்தவை.

"சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கேள்வியில் பாதி பாலிமர் கெமிஸ்ட்ரி இருக்கிறது!

அரக்குக்கு வந்த போட்டி

கொஞ்சம் சரித்திரம். இயற்கை ரப்பரை கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் பிசுபிசுக்காத ரப்பர் கிடைக்கும் என்று அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். கந்தகத்தின் அளவைக் கூட்டினால் எபோனைட் என்ற கெட்டிப் பொருள் கிடைக்கும். அதுவும் குறுக்குப் பிணைப்பு என்ற சங்கதிதான். ஆனால் அதன் மூலப்பொருள் மரத்தில் வடிந்த பால்.

முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கைச் செய்தவர் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட். அந்தக் காலத்தில் மின்சாரச் சாமான்களுக்கு இன்சுலேஷன் என்றால் அரக்கு. அந்த அரக்கு பெரும்பாலும் போனது நம் இந்தியாவிலிருந்துதான். மரத்தில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரப்பது எவ்வளவு தேறும்? மின்சாரத் தொழில் வளர வளர அரக்கு போதவில்லை. அதற்கு மாற்று தேடித்தான் பேக்லேண்ட் பீனாலையும் பார்மால்டிஹைடையும் கையில் எடுத்தார்.

அவருக்கு முன்பே, 1872-ல், அடால்ஃப் வான் பேயர் என்ற ஜெர்மானிய வேதியியல் மேதை இதே இரண்டையும் கலந்து பார்த்தவர்தான். குடுவையில் ஒட்டிக்கொண்டு எதிலும் கரையாத பிசின்தான் மிஞ்சியது. ஆராய்ச்சியாளருக்கு அது தொல்லை. பேக்லேண்ட் அந்தத் தொல்லையையே சரக்காக்கினார்! வினையைப் பாதியில் நிறுத்தி, அச்சுக்குள் போட்டு, சூடும் அழுத்தமும் கொடுத்து மீதியை முடித்தார். 1907-ல் கண்டுபிடிப்பு, 1909-ல் காப்புரிமை. பெயர் பேக்கலைட். பழைய கறுப்பு டெலிபோன், வால்வு ரேடியோப் பெட்டி, பல்பு ஹோல்டர், கார் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் அந்த வம்சம்.

எந்த டிபார்ட்மென்ட் ஆனால் என்ன?

"இதெல்லாம் கெமிக்கல்காரர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று புரட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு துறையாகக் கேளுங்கள்.

மெக்கானிக்கல் நண்பர்களே! மெட்டலர்ஜி லேபில் சின்னத் துண்டு இரும்பைக் கறுப்புப் பொடிக்குள் புதைத்து மவுண்டிங் பிரஸ்ஸில் வைத்து அமுக்கினோமே, அது என்ன? பேக்கலைட் பொடி. சுமார் 150 டிகிரி சூட்டில் பத்து நிமிஷத்துக்குள் கல்லாகிவிடுகிறது. நம் கையாலேயே ஒரு கம்ப்ரஷன் மோல்டிங் செய்துவிட்டு, அது தெரியாமலேயே ரெக்கார்டு நோட்டை முடித்திருக்கிறோம்! கட்டிங் வீலில் அரத்துகள்களைப் பிடித்து வைத்திருப்பது பீனாலிக் ரெசின். ஃபவுண்டரியில் ஷெல் மோல்டிங் மணலை ஒட்ட வைப்பதும் அதுவே.

ஆட்டோமொபைல்காரர்களுக்கு: பிரேக் ஷூ லைனிங்கில் எல்லாத் தூள்களையும் கட்டி வைத்திருப்பதும் பீனாலிக் ரெசின்தான். மலைப்பாதையில் பிரேக் காய்ந்து நாற்றம் வரும்போது அது உருகி ஓடினால் பஸ் எங்கே நிற்கும்?

எலக்ட்ரிக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் செய்தபின் வார்னிஷில் முக்கி அடுப்பில் வைக்கிறார்களே, அந்த வார்னிஷ் இறுகுகிற ரகம். ஒருமுறை வெந்துவிட்டால் உருக்கி எடுக்க முடியாது என்பதால்தான் பழைய காயிலைப் பிரிக்கப் பல பட்டறைகளில் எரிக்கிறார்கள். ஒன்று கவனிக்க வேண்டும். பேக்கலைட் எல்லாவற்றுக்கும் சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் மேற்பரப்பில் தூசியும் ஈரமும் படிந்து பொறி ஓடினால் கரிப்பாதை விழுந்து, அந்தப் பாதையிலேயே கரண்ட் கசியும். அந்த இடத்தில் மெலமைன் ரகம் மேல். கறுப்பு, பழுப்பு தவிர வேறு நிறம் பீனாலிக்கில் நிற்காது என்பதால்தான் வெள்ளை ஸ்விட்ச்சுக்கு யூரியா-பார்மால்டிஹைடு வந்தது.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் தினமும் கையில் வைத்திருக்கும் பச்சை நிற பி.சி.பி. போர்டு, கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் ஊற வைத்து அமுக்கியது. எஃப்.ஆர்.-4 என்று பெயர். 250 டிகிரிக்கு மேல் உருகிய ஈயக் கலவை அதன்மேல் பாயும்போதும் போர்டு போர்டாகவே இருக்கிறது. தெர்மோபிளாஸ்டிக் போர்டில் நம் லேபில் சால்டரிங் வைத்துப் பாருங்களேன்!

சிவில்காரர்களுக்கு, விரிசல் விழுந்த கான்கிரீட்டில் செலுத்தும் எபாக்சி. ஆர்க்கிடெக்சர்காரர்களுக்கு, ஆசாரிகள் "மைக்கா" என்று சொல்லும் லேமினேட். மைக்காவுக்குப் பதிலாக, ரெசின் ஊறிய அடுக்குகளை ஒட்டி இன்சுலேஷன் செய்யலாம் என்று 1912-ல் இரண்டு அமெரிக்க எஞ்சினியர்கள் யோசித்ததிலிருந்து பிறந்ததுதான் ஃபார்மைக்கா. மைக்காவுக்குப் பதில் வந்தது. நம்மூரில் அதற்கே மைக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது!

வீட்டுக்குள் வாருங்கள். குக்கர் கைப்பிடி, தோசைக்கல் பிடி, அயர்ன் பாக்ஸ் பிடி, ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை, தண்ணீர்க் குழாய் உடைந்தால் அப்பா பிசைந்து ஒட்டும் எம்-சீல்... இறுகும் பிளாஸ்டிக் இல்லாமல் ஒரு நாள் கழியாது.

இரண்டு தப்பான நினைப்பு

ஒன்று: "தெர்மோபிளாஸ்டிக் என்றாலே மட்டம்." அப்படியல்ல. இப்போது வரும் நல்ல மாடுலர் ஸ்விட்ச்சுகள் பெரும்பாலும் பாலிகார்பனேட். அதுவும் இளகும் ரகம்தான். ஆனால் ஏறக்குறைய 147 டிகிரி வரை விறைப்பாக நிற்கும். தீத்தடுப்பு மருந்தும் சேர்த்திருப்பார்கள். சுவரில் பதிக்கிற சாக்கெட்டில் மின்பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கை 850 டிகிரிக்குச் சுட்ட கம்பியால் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. பற்றினாலும், கம்பியை எடுத்த 30 நொடிக்குள் அணைய வேண்டும். என் பிளாட்பார சாக்கெட் அந்தக் கம்பியைக் கனவில்கூடக் கண்டிருக்காது! எந்த ஜாதிப் பிளாஸ்டிக் என்பதைவிட, செய்கிற வேலைக்குத் தகுந்த பிளாஸ்டிக்கா என்பதே கேள்வி. ஸ்விட்ச்சுக்கு ஐ.எஸ். 3854, பிளக்-சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293. இந்த இரண்டு எண்களையும் ஞாபகத்தில் வையுங்கள். என் அம்மாவின் இரண்டு விரல்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த எண்கள்.

இரண்டு: "இறுகும் பிளாஸ்டிக் எந்தச் சூட்டையும் தாங்கும்." தாங்காது. மெலமைன் தட்டை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கிறார்கள். கூடாது. கொதிக்கக் கொதிக்க ரசத்தையோ புளிக்குழம்பையோ மெலமைன் கிண்ணத்தில் ஊற்றுவதும் நல்லதல்ல. சூடும் புளிப்பும் சேர்ந்தால் மெலமைன் சிறிதளவு உணவில் இறங்கும். 2013-ல் தைவானில் 12 பேரை வைத்து நடந்த ஆய்வில், மெலமைன் கிண்ணத்தில் சூடான நூடுல்ஸ் சூப் சாப்பிட்டவர்களின் சிறுநீரில், பீங்கான் கிண்ணத்தில் சாப்பிட்டபோது இருந்ததைவிடப் பல மடங்கு மெலமைன் இருந்தது. 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைனைக் கலப்படம் செய்து சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்ட கொடுமை வேறு கதை. அது பிணைப்பு ஏற்படாத மூலப்பொருளையே வாயில் கொடுத்த அக்கிரமம். இரண்டையும் ஒன்றாக்கிப் பீதி அடைய வேண்டாம். ஆறிய சோறுக்கும், பலகாரத்துக்கும் மெலமைன் தட்டு தாராளமாகப் போதும்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

இனி மறுபக்கம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீட்டைச் சுத்தம் செய்து பழைய சாமான்களை மூட்டை கட்டி, பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தே பிரித்தார். பி.வி.சி. பைப் ஒரு பக்கம், உடைந்த வாளி ஒரு பக்கம். குக்கர் கைப்பிடி, பழைய ஹோல்டர், மெலமைன் தட்டு எல்லாவற்றையும் என்னிடமே தள்ளினார்.

"தம்பி, இது உருகாது. இதை வச்சு நான் என்ன செய்ய?"

பாலிமர் பாடத்தைப் படிக்காத மனுஷர், நான் மார்க் வாங்கின பதிலை ஒரே வரியில் சொல்லிவிட்டார்! அதோடு ஒரு கேள்வியும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் சாமான்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்கும். அதில் 1 முதல் 6 வரை எல்லாமே இளகும் ரகங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்தது. நாமும் என்.எஸ்.எஸ். ஊர்வலத்தில் பையையும் கப்பையும் பற்றிக் கோஷம் போட்டோம். நல்லதுதான். ஆனால் கோஷத்தில் வராத பிளாஸ்டிக் ஒன்று சத்தமில்லாமல் குவிந்துகொண்டிருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் வள்ளம் பெருகியது. கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும். மரமாக இருந்தால் கடைசியில் விறகு. உடைந்த ஃபைபர் வள்ளம்? மணலிலேயே கிடக்கிறது. நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போது முப்பந்தலில் காற்றாடிகளை எண்ணிக்கொண்டே போவோமே, அவற்றின் இறகுகளும் இதே மாதிரிக் கலவைதான். தூத்துக்குடி அருகே முதல் காற்றாடிகள் சுழன்றது 1986-ல். ஒரு இறகின் ஆயுள் இருபது, இருபத்தைந்து வருஷம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எரித்துவிடலாம் என்கிறீர்களா? அதுதான் மகா பாவம். யூரியா, மெலமைன், பாலியூரித்தேன் எல்லாவற்றிலும் நைட்ரஜன் இருக்கிறது. குறைந்த காற்றில் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். பி.சி.பி. போர்டில் தீத்தடுப்புக்காகப் புரோமின் இருக்கும். திறந்த வெளியில் எரித்தால் டயாக்சின் வகை நஞ்சுகள் பிறக்கும். கொஞ்சம் செம்புக்காக அந்தப் புகையை நாளெல்லாம் சுவாசிப்பவர்கள் நம்மைவிட ஏழைகள்.

வழியே இல்லையா? இட்லி திரும்ப மாவாகாது. ஆனால் உதிர்த்தால் இட்லி உப்புமா ஆகும் அல்லவா! அதுபோல, பொடி செய்து புதுச் சரக்கில் நிரப்புப் பொருளாகச் சேர்க்கலாம். சிமென்ட் சூளையில் போடலாம்; ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி இழையிலுள்ள சிலிக்கா சிமென்ட்டோடு சேர்ந்துவிடும். நம் நாட்டின் 2016-ம் வருஷத்துப் பிளாஸ்டிக் கழிவு விதிகளிலேயே இறுகும் பிளாஸ்டிக்கைத் தனியாகச் சொல்லி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படி அகற்ற வேண்டும் என்று இருக்கிறது. விதி இருக்கிறது, அண்ணாச்சி கடைவரை வந்து சேரவில்லை!

என் கட்சி

இறுகும் பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்ப வராத பொருளை, திரும்பத் திரும்ப வாங்கி எறியும் சாமானுக்குப் பயன்படுத்தக் கூடாது. இதுதான் என் கட்சி. முப்பது வருஷம் உழைக்கும் ஸ்விட்ச் கியருக்கு அதைப் போடு, அது தர்மம். ஒரு சீசனில் உடையும் விளையாட்டுப் பொம்மைக்கும், ஒரு விழாவுக்கு மட்டும் செய்யும் மேடை அலங்காரத்துக்கும் ஃபைபரையும் எபாக்சியையும் கொட்டாதே, அது அநியாயம்.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், நாம என்ன ஓனரா? சூப்பர்வைசர் வேலைக்குப் போகப்போறோம். முதலாளி எதைச் சொல்றாரோ அதைத்தானே போடணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்டோர்ஸில் "இந்த ஹோல்டர் வந்திருக்கு, ஓ.கே.யா?" என்று கையெழுத்துக் கேட்கப்போவது யாரிடம்? மோல்டிங் மிஷினில் அச்சை நடுவே ஒருமுறை லேசாகத் திறந்து ஆவியை வெளியே விடாமல், அவசரத்தில் உள்ளே குமிழியோடு பீஸ் அடிக்கும் ஆபரேட்டரைத் தட்டிக் கேட்க வேண்டியது யார்? பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, எந்த பிளக் வாங்க?" என்று கேட்பது யாரை? டிகிரிக்காரரையா? நம்மைத்தான்! டிராயிங்குக்கும் தறிக்கும் நடுவில் நிற்பவன் டிப்ளமோக்காரன். முதலாளி விலையைச் சொல்லலாம். "சார், இது சூடாகிற இடம், இந்த மெட்டீரியல் நிக்காது" என்று சொல்ல வேண்டிய வாய் நம்முடையது.

நாம் செய்யக்கூடியவை நாலு:

ஒன்று, சூடு வரும் இடத்துக்கு எதை வாங்கினாலும் முத்திரையைப் பார்ப்போம், ஆம்பியரைப் பார்ப்போம், ஸ்க்ரூவை முறுக்குவோம். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

இரண்டு, புராஜெக்ட் சமயத்தில் எபாக்சியை வெறுங்கையால் பிசைவதை நிறுத்துவோம். அதன் ஹார்டனர் தோலுக்கு ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் பிறகு தொட்டாலே வரும். "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரை அதிகம் ஊற்றுவதும் முட்டாள்தனம். கணக்குப்படி கலந்தால்தான் முழுசாக இறுகும். கப் நிறையக் கலந்து வைத்தால் அதன் சூட்டிலேயே புகையும். ஃபைபர் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் மறக்கவே கூடாது: மெக் பெராக்சைடையும் கோபால்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். ஒன்றை முதலில் ரெசினில் கலக்கிவிட்டுத்தான் மற்றது.

மூன்று, உடைந்த பி.சி.பி.யையோ ஹோல்டரையோ குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதை நம் வளாகத்தில் யார் செய்தாலும் தடுப்போம்.

நான்கு, இது நம் மாணவர் பேரவைக்கு என் நேரடிக் கோரிக்கை. எலக்ட்ரானிக்ஸ் லேப், எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப், மெட்டலர்ஜி லேப் மூன்றின் வாசலிலும் ஒரு தனிப் பெட்டி வைக்கக் கேட்போம். போர்டுகள் ஒன்றாகவும், மற்ற இறுகும் பிளாஸ்டிக் வேறாகவும் சேரட்டும். மின்னணுக் கழிவை அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுக்க 2022-ம் வருஷத்து விதிகளில் வழி இருக்கிறது. பெட்டிக்குச் செலவு? ஒர்க்‌ஷாப்பில் மிச்சமான தகடு போதும். ஷீட் மெட்டல் எக்சர்சைஸில் நாமே செய்துவிடலாம்!

விஞ்ஞானமும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் பிரான்ஸில் லுட்விக் லெய்ப்ளர் குழுவினர் விட்ரிமர் என்ற புதுவகைப் பொருளை அறிவித்தார்கள். அதில் குறுக்கு முடிச்சுகள் உண்டு. ஆனால் சூடாக்கினால் ஒரு முடிச்சு அவிழும்போதே இன்னொன்று விழுகிறது. அதனால் வலை அறுபடாமலேயே வடிவம் மாறுகிறது. கண்ணாடி மாதிரி வளைத்துக்கொள்ளலாம். இது பட்டறைக்கும் கடைக்கும் பரவலாக வரும் நாளில், நம் பரீட்சைக் கோட்டின் நடுவே மூன்றாவதாக ஒரு கட்டம் போட வேண்டிவரும். அதுவரைக்கும், இருப்பதைப் புரிந்து பயன்படுத்துவோம்.

எங்கள் வீட்டில் இப்போது ராடுக்குத் தனி 16 ஆம்ப் பாயிண்ட், முத்திரை உள்ள பிளக். அம்மாவின் விரல் ஆறிவிட்டது. ஆனால், ராடைப் போடும்போதெல்லாம், "தம்பி, இது நிக்குமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஸ்விட்ச்சைத் தட்டுகிறார். அந்தக் கேள்விக்கு "நிக்கும்மா" என்று தைரியமாகப் பதில் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் டிப்ளமோ என்று பெயர்.

சிந்திப்போம், நண்பர்களே!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை